குழாயை விற்றுவிட்டேன்

பாலக்கோடு,
ஆவணி 6.

அன்புள்ள தீர்த்தகிரிக்கு,

மாதையன் எழுதுவது. நலம். உன் நலமும் தங்கச்சி நலமும் அறிய ஆவல். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறவனை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் எதிரே அதைச் சொல்லாதே. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை போதாது. தக்காளி விலையைக் கேட்காதே.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் என்றால் முதல் வாக்கியத்திலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். விஷயம் இதுதான். குழாயை விற்றுவிட்டேன்.

நம் மைக் செட்டின் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயும். அகுஜா ஆம்ப்ளிஃபயரும், ரெக்கார்டு பிளேயரும், எலி கடித்தது போக மிச்சமிருந்த 112 இசைத்தட்டுகளும் சேர்த்து. உன்னைக் கேட்கவில்லை. 1981-இல் அதை வாங்கியபோது பாதிப் பணம் உன் அம்மா கறவை மாட்டை விற்றுக் கொடுத்தது. அந்த மாட்டின் பெயர்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், பிறகு அது இன்னும் பத்து வருடம் என் திண்ணையில் கிடந்து தூசி தின்னும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் காரில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்குத் தாடி, இன்னொருவனுக்கு அவனைவிடத் தாடி. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரமாகச் சாப்பாட்டுக் கடை போடுகிறார்களாம், 'அந்தக் காலத்துக் கிராமம்' மாதிரி. திருகை, முறம், லாந்தர் விளக்கு, பித்தளை அண்டா எல்லாம் சேர்த்துவிட்டார்களாம். மைக் செட் குழாய் ஒன்றுதான் பாக்கியாம். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த யாரோ மேஸ்திரி என்பது என் சந்தேகம். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். துடைத்து எடுத்து, வயரைத் தேடி, ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஒரு பாட்டுப் போட்டுக் காட்டலாம் என்று குனிந்தேன். தாடி அதிகமாக இருந்தவன் என் கையைப் பிடித்து, "வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, பார்க்க இருந்தால் போதும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பதினெட்டாயிரம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உனக்கு வேடிக்கையாக இருக்கும். பார்க்கவா, தீர்த்தகிரி, அதை நாம் புளியமரத்தில் கட்டினோம்? நீ ஏறுவாய், நான் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பேன், 'இன்னும் கிழக்கே திருப்பு' என்று கத்துவேன். பச்சைத் தாவணி வீட்டுப் பக்கம் குழாயின் வாயை நீ எத்தனை முறை திருப்பிக் கட்டினாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளுடைய வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம். அவர் இப்போது எனக்கு அடுத்த கடை.

அன்றைக்கு ஊரின் ரசனை நம் இரண்டு பேர் கையில் இருந்தது என்று சொன்னால் பேரன் சிரிக்கிறான். ஆனால் இருந்ததா இல்லையா? சுற்றுப்பட்டுப் பதினைந்து ஊர்க் கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் நாம் என்ன இசைத்தட்டு வைத்திருக்கிறோமோ அதுதான் பாட்டு. புதுப் படத்துத் தட்டு ஒன்று வாங்கத் தர்மபுரிக்குப் போய்வந்தால் ஒரு கல்யாண வாடகையில் பாதி போய்விடும். ஆகையால் தை மாதம் வாங்கிய பாட்டு அடுத்த மாசி வரை உழைத்தாக வேண்டும். ஒரு வருடம் அந்தப் பாட்டோடு ஊரே குடித்தனம் நடத்தியது. களை எடுக்கிற பொம்பளைகளுக்கு முதல் சரணம், இரண்டாவது சரணம், இடையில் வருகிற வயலின் எல்லாம் மனப்பாடம். இப்போது அந்த 'விதி' பட ஒலிநாடாவை நினைத்துக்கொண்டேன். 1984. படம் பார்த்தவர்களைவிட வசனத்தைக் கேட்டவர்கள் அதிகம். டீக்கடையில் அது, சைக்கிள் கடையில் அது. காரிமங்கலம் பக்கம் ஒரு காது குத்தில், குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழ, நம் குழாயில் நீதிமன்றக் குறுக்கு விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியை நிறுத்திவிட்டு "இரு, தீர்ப்பு வரட்டும்" என்றார். நீ மரத்து மேலிருந்து சிரித்துச் சிரித்துக் கிளையை விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு நடந்த வாழைத்தார் விவகாரத்துக்குள் நான் போகவில்லை.

ஒலிநாடா வந்ததும் நம் ராஜாங்கத்துக்கு முதல் விரிசல் விழுந்தது. ரெக்கார்டிங் சென்டரில் காகிதத்தில் பாட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அறுபது நிமிட நாடாவில் பதிந்து கொடுப்பான். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, இடமிருந்தால் இன்னொன்று பாதி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவரவர் நாடாவைக் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கச் செட்டியார் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். 1993-இல் சன் டிவி வந்தபோது வெள்ளிக்கிழமையும் போயிற்று, எல்லா நாளும் வெள்ளிக்கிழமை ஆயிற்று. பிறகு குறுந்தகடு, பிறகு பென் டிரைவ். கடைசியில் பையன்கள் போனைக் கொண்டுவந்து கம்பியே இல்லாமல் இணைத்துவிட்டு, "நீங்கள் ஒன்றும் தொட வேண்டாம் தாத்தா" என்றார்கள். அன்றைக்கு நான் மைக் செட்காரன் என்ற வேலையிலிருந்து மின்சாரம் கொடுக்கிறவனாக இறங்கினேன்.

இதெல்லாம் உனக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை, போன தையில் நடந்த என் அண்ணன் பேத்தி கல்யாணம். நீ வரவில்லை, மொய் மட்டும் வந்தது, அண்ணன் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார். வாசலில் செண்டை மேளம். பாலக்கோட்டில் நிற்கிறேனா பாலக்காட்டில் நிற்கிறேனா என்று எனக்கே குழப்பம். உள்ளே சுவர் அளவுக்குத் திரை, அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒகேனக்கல் பாறையில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பெண் மேடைக்கு ஆடிக்கொண்டே வந்தாள். நன்றாகவே ஆடினாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பார்த்தது வேறு. பாட்டுப் போடுகிற பையன் அரை மணி நேரத்தில் நாற்பது பாட்டுப் போட்டான். விரல் விட்டு எண்ணினேன். ஒரு பாட்டுகூட சரணத்தை எட்டவில்லை. பல்லவியே முழுசாக வரவில்லை. எந்த இடத்தில் ஆட வேண்டுமோ அந்த இடம் மட்டும், வெட்டி, அடுத்தது. ஆட்டம் தெரிந்தது எல்லாருக்கும், பாட்டு தெரிந்தது ஒருவருக்கும் இல்லை. பக்கத்தில் இருந்த பையனிடம் "இது எந்தப் படம்?" என்றேன். "படமா? ரீல்ஸில் வந்தது தாத்தா" என்றான். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது நம் தெருப் பையன்கள் ஒரு வாரம் துக்கம் காத்துவிட்டு ரீல்ஸுக்குக் குடி மாறினார்கள். வீடுதான் மாறியது, சாமான் அதேதான்.

இந்த இடத்தில் நீ "கிழவன் புலம்ப ஆரம்பித்துவிட்டான்" என்று தங்கச்சியிடம் சொல்லியிருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன், என் அப்பா ஞாபகம் வருகிறவரை.

கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுவாரே, துரியோதன வாத்தியார், அவரை நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். 1983-இல் நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதம். மத்தியானம் சொற்பொழிவு, ராத்திரி கூத்து, பதினெட்டாம் நாள் துரியோதனன் மடிகிற படுகளம். அதுவரைக்கும் கூத்துக்கு மைக் கிடையாது. நாம்தான் பஞ்சாயத்துப் பெரியவர்களைப் பிடித்து, வாடகையே வேண்டாம் என்று சொல்லி, குழாயைக் கட்டினோம். தொழில் விளம்பரம் உனக்கு, ஆசை எனக்கு. கட்டை வேஷம் கட்டிக்கொண்டு, கிரீடமும் புஜகீர்த்தியுமாகத் திரைக்குப் பின்னாலிருந்து வந்த வாத்தியார், நடுவில் நட்டிருந்த மைக்கைப் பார்த்தார். அதற்கு நாலடி தள்ளி நின்று பாடினார். ராத்திரி முழுவதும் அதன் பக்கமே போகவில்லை. கோமாளியாக வருகிற கட்டியக்காரன் மைக்கில் பேசுவான், இவர் வெறும் தொண்டையில் பதில் சொல்வார். ஏரிக்கரை வரைக்கும் கேட்டது என்று அடுத்த நாள் அப்பா சொன்னார். "தொண்டை இருந்தவன் ஆடினான். இனிமேல் குழாய் இருந்தால் எவனும் ஆடுவான்" என்றார். அதற்கப்புறம் என்னிடம் நாலு நாள் பேசவில்லை.

அடுத்த வருடம் வாத்தியார் மைக்குக்கு நேராக நின்றார். ஜனங்கள் குழாய்க்குப் பழகிவிட்டார்கள், குழாய் இல்லாத குரல் அவர்களுக்குச் சின்னதாகப்பட்டது. கழுத்தை நீட்டி, ஓர் இடத்தில் கட்டிப் போட்ட மாடு மாதிரி நின்று பாடினார். கூத்தில் அந்த மனிதர் சுற்றுகிற சுற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். அதற்கு அடுத்த வருடம் அவர் வரவில்லை. வேறு கூத்துச் செட்டு வந்தது.

நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. நீ நினைத்துப் பார்த்ததுண்டா? எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை. என் குழாயை ஒருவன் "வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொன்ன பிறகுதான் வாத்தியார் முகம் வந்தது.

ஆனால் அவரே ஒரு நாள் சாவடியில் டீ குடித்துக்கொண்டு சொன்னார், நீயும் இருந்தாய். அவருடைய குருநாதர் கூத்துக்கு ஆர்மோனியத்தைக் கொண்டுவந்தபோது முகவீணை என்கிற சின்ன நாயனத்தை ஊதுகிறவர் சண்டை போட்டுக்கொண்டு செட்டை விட்டே போனாராம். "அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும், அது அழுமா?" என்று கேட்டாராம். இன்றைக்கு ஆர்மோனியம் இல்லாமல் கூத்து நடந்தால் சம்பிரதாயத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். ஆகாசவாணியே 1940-இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. நம் ராகத்தின் நெளிவு சுளிவு அந்தக் கட்டைகளில் வராதாம். சினிமாப் பாட்டையும் இப்படித்தான். 1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர், அது ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று வானொலியிலிருந்து ஒதுக்கினார். ஜனங்கள் என்ன, சாஸ்திரிய சங்கீதம் கேட்டுத் திருந்தினார்களா? முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித் பாரதி என்று தனியாக ஆரம்பித்து அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதற்குள் என் பெரியம்மாவுக்கெல்லாம் கொழும்பு அறிவிப்பாளர் குரல்தான் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தானே நீயும் "அடுத்து வருவது" என்று மைக்கில் ஈழத்துத் தமிழ் பேசி அடி வாங்கினாய்.

ஆகையால் நாற்பது பாட்டுப் போட்ட பையனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. திட்டுகிறேன், அது வேறு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நம் குழாய் ஊருக்கே கேட்டது. பிடித்தவனுக்கும் கேட்டது, பிடிக்காதவனுக்கும் கேட்டது, பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கும் கேட்டது, சாகக் கிடக்கிறவனுக்கும் கேட்டது. பாவம்தான். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் விதி போட்டபோது நான் கோபப்பட்டேன். இப்போது புரை எடுத்துப் படுத்திருந்த பத்து நாளில் அந்த விதியைப் போட்டவர் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் பேரன் காதில் இரண்டு பொத்தானைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டுகிறான். என்ன கேட்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. எனக்குத் தெரியாத பாட்டில் ஒரு பிள்ளை என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் கோயில் பையன்கள் வந்தார்கள். புருவத்தில் கோடு வெட்டிக்கொண்டவன்தான் தலைவன். "தாத்தா, பெட்டி ஸ்பீக்கர் சத்தம் கோயிலைத் தாண்டவில்லை, உங்கள் குழாயைக் கொடுங்கள்" என்கிறான். விற்று இருபது நாள் ஆகவில்லை. போலீஸ் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். "என்ன பாட்டுப் போடுவீர்கள்?" என்றேன். "அதேதான், எல்.ஆர். ஈஸ்வரி" என்றான். அவன் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னால் பாடியது. புதிதாக எத்தனையோ வந்திருக்கிறதே என்றால், "அம்மன் பாட்டு என்றால் அதுதானே தாத்தா" என்கிறான், ஏதோ நான் தெரியாதவன் மாதிரி. கல்யாணத்தில் ஒரு மாதத்துப் பாட்டைப் போட்டால் பழசு என்று முகம் சுளிக்கிற அதே பையன்! விநாயகருக்குச் சீர்காழி, ஆடிக்கு ஈஸ்வரி. நாம் முதல் குழாய் கட்டின நாளிலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கிற பாட்டுக்கு வயதாகிவிடுகிறது. யாரும் தேர்ந்தெடுக்காமல் வழக்கத்துக்குப் போடுகிற பாட்டு அப்படியே இருக்கிறது. இதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இவள் வந்து, "தண்ணி மோட்டாரை நிறுத்தாமல் என்ன யோசனை?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை அந்தக் கடைக்கே கூட்டிப்போனாள். போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பிட என்ன வைத்தார்கள் தெரியுமா? ராகிக் களி, கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி. மண் தட்டில். ஓர் உருண்டை 160 ரூபாய். உயர்நிலைப் பள்ளியில் நீ கையைக் கழுவிக் கழுவி, "எங்கள் வீட்டில் தினமும் அரிசிச் சோறு" என்று தாசில்தார் மகனிடம் சொன்னாயே, அந்த நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நம் அம்மாக்கள் களி கிண்டிய புகையில் கண் கெட்டார்கள், நாம் அதைச் சொல்ல வெட்கப்பட்டோம். 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் களிக்கு மரியாதை வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அதைக் கரண்டியால் வெட்டி, மென்று சாப்பிட்டது. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எழுந்து போய்ச் சொல்லப் பார்த்தேன், மகள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

குழாய் இரண்டும் வாசல் தூணில் இருக்கின்றன. ஒன்றுக்குத் தங்க நிறம் அடித்திருக்கிறார்கள். இன்னொன்றை அப்படியே விட்டிருக்கிறார்கள், ஏன் தெரியுமா? அதில்தான் நீ சிவப்புப் பெயிண்டில் எழுதின 'தீ.மா. சவுண்ட் சர்வீஸ்' இருக்கிறது. தலைமையாசிரியர் 'தீமை சவுண்ட் சர்வீஸ்' என்று படித்தாரே, அதே எழுத்து. அதன் பக்கத்தில் நின்று வருகிறவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழாய்க்குள் சின்னதாக ஒரு ஸ்பீக்கரை ஒளித்து வைத்து நம் காலத்துப் பாட்டை மெதுவாகப் போடுகிறார்கள். குழாயே பாடுகிற மாதிரி இருக்கிறது, எட்டடிக்கு அப்பால் கேட்காது. ஒரு சின்னப் பெண் அதன் வாய்க்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்தது. யாரும் வெட்டவில்லை. நான் கையைக் கழுவாமல் முடிகிறவரை நின்றேன்.

தாடிப் பையன் என்னை அடையாளம் கண்டு வந்து, களிக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டான். நல்ல பிள்ளைதான். 'தீ.மா.' என்றால் என்ன என்று வருகிறவர்கள் கேட்கிறார்களாம். மா என்பது நான் என்றேன். தீ யார் என்றான். சென்னையில் மகன் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்றேன்.

பதினெட்டாயிரத்தில் உன் பங்கு ஒன்பது. உன் அம்மா மாட்டுக்கு வட்டி சேர்த்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது, அதனால் வட்டியைப் பற்றிப் பேசாதே. மகன் கணக்கு எண்ணை அனுப்பு, பேரனை விட்டுப் போடச் சொல்கிறேன். வேண்டாம் என்று வீரம் பேசினால் மொய்யாக என் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன்.

நேற்று அலமாரியைத் துடைத்தபோது ரெக்கார்டு பிளேயர் ஊசி டப்பா கிடைத்தது. பழைய மாத்திரை டப்பா, உள்ளே நாலு ஊசி, ஒன்று பிரிக்கவே இல்லை. கொடுக்க மறந்திருக்கிறேன். அவர்களும் கேட்கவில்லை. அதை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பேரனிடம் வாழைத்தார் கதையைச் சொல்வதானால் மரத்திலிருந்து விழுந்தது நான் என்று மறுபடியும் சொல்லாதே.

இப்படிக்கு,
மாதையன்